மாமா எழுதிய காஞ்சிபுரம்

வடக்குப்பட்டு,
9-2-2025, ஞாயிறு

என் அன்பு மருமகள் முத்துச்செல்விக்கு,

நான் அன்றைக்கே சொன்னேன். பொங்கலுக்கு உன்னை ஊருக்கு ரயிலேற்றிவிட சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வந்தேனே, அப்போது பிளாட்பாரத்தில் வைத்து, "ஏட்டி, உங்கள் கம்பெனியில் ஒருநாள் ஒரு பிள்ளைக்குக் கை போகும், பார்த்துக்கோ" என்று சொன்னேனா இல்லையா. நீ சமோசா தின்றுகொண்டிருந்தாய், காதில் விழுந்திருக்காது. கை என்று சொன்னேன், மூன்று விரல் என்று சொல்லவில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம். போன புதன்கிழமை காலையில் என் இடது கண் துடித்த துடிப்பைப் பார்த்து டீக்கடைக்காரரே பயந்துபோனார். "இன்னிக்கு எங்கேயோ ரத்தம் விழும்" என்றேன். விழுந்துவிட்டது.

உங்கள் கம்பெனி பஸ் ஓட்டும் கன்னியப்பன் வந்துதான் எனக்குச் சொன்னான். "பெருசு, உன் மருமகளுக்கு ஒண்ணும் ஆவல. பக்கத்து மெஷின் பொண்ணு ரஞ்சனிக்குத்தான். நம்ம வடக்குப்பட்டு முனிரத்தினம் பொண்ணு" என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். பயத்தால் இல்லை, முட்டுவலி.

போனில் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். எல்லாப் பிள்ளைகளின் போனையும் வார்டன் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதாகக் கன்னியப்பன் சொன்னான். இது நல்ல காரியத்துக்குச் செய்கிற வேலை இல்லை. எண்ணூறு புதுக் கார் நிற்கிற யார்டுக்கு வாட்ச்மேன் நான். எதைப் பூட்டுவார்கள், எதற்குப் பூட்டுவார்கள் என்பது எனக்குத் தெரிகிற மாதிரி இந்த ஒரகடம் வட்டாரத்தில் எவனுக்கும் தெரியாது.

அதனால் இனி கடிதம்தான். தபாலில் போட்டால் வார்டன் பிரித்துப் பார்ப்பார். கன்னியப்பனிடம் முறுக்குப் பொட்டலம் கொடுத்து விடுகிறேன், அதற்குள் தாள் இருக்கும். படித்ததும் கிழித்துத் தண்ணீரில் போட்டுவிடு. மலிவான பேனாதான், சீக்கிரம் கரையும்.

உன் அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை. வள்ளியூரில் இருந்துகொண்டு அவள் என்ன செய்யப் போகிறாள், அழுவாள். ஹாஸ்டலில் உனக்குக் கார்டியன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். என்ன நடந்ததென்று ஒன்று விடாமல் எனக்கு எழுது.

முறுக்கில் எள் கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

உன் தாய்மாமன்,
இசக்கிதுரை


ஒரகடம்,
11-2-2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் நினைத்தேன். வரவில்லை.

எங்கள் பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் உண்டு. வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கிற இரும்பு கீழே இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் ஒரு கையும் உள்ளே இருக்காது, அதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்தால் மணிக்கு முன்னூறு பீஸ்தான் வரும். சூப்பர்வைசர் வசந்தகுமார் நானூறு கேட்டார். திங்கட்கிழமை அவரே வந்து மூன்று மெஷினில் வலது பட்டனை அழுத்திப் பிடித்து மேலே பிரவுன் டேப் ஒட்டினார். "இப்போ ஒரு கை ஃப்ரீ. பீஸை எடுத்துக்கினே அடிங்க" என்றார்.

கனிஷ்கா மெஷின், ரஞ்சனி மெஷின், என் மெஷின். நானும் இரண்டு நாள் அப்படித்தான் அடித்தேன் மாமா. யாருக்கு வேண்டுமானாலும் ஆகியிருக்கும்.

ரஞ்சனி கத்தவில்லை. கையைத் தூக்கிப் பார்த்து, "இன்னாடி இது" என்று என்னைக் கேட்டாள். வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி கேட்டாள். அப்புறம்தான் விழுந்தாள்.

மறுநாள் ஷிப்டுக்குப் போனால் டேப் இல்லை. மெஷினுக்குப் புதுப் பச்சை பெயிண்ட். இன்னும் அந்த வாசம் போகவில்லை, சாப்பாட்டிலும் அதே வாசம் வருகிறது. வசந்தகுமார் எங்களை நிற்கவைத்து, "ரஞ்சனியே டேப் ஒட்டிக்கினா. எல்லாரும் பாத்தீங்க இல்ல?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

மார்ச்சில் எனக்குக் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டும். லைனில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஹாஸ்டல் கேட்டுக்கு எதிரே வசந்தகுமாரின் பைக் நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது.

இந்தத் தாளை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். டீக்கடையில் பேசிவிடாதீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

முத்துச்செல்வி


வடக்குப்பட்டு,
14-2-2025

(இந்த மேல் தாளை வார்டன் அம்மாவிடம் கொடுக்கவும்)

மதிப்புக்குரிய வார்டன் பாப்பம்மாள் அம்மா அவர்களுக்கும், என் மருமகள் முத்துச்செல்விக்கும்,

வருகிற 20-ஆம் தேதி வியாழக்கிழமை என் மருமகளுக்கு வார விடுமுறை. தென்கோடியிலிருந்து வந்து ஒன்றரை வருஷம் ஆகியும் பக்கத்தில் இருக்கிற காஞ்சிபுரத்தை இந்தப் பிள்ளை பார்க்கவில்லை. கார்டியன் என்ற முறையில் அவளை அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். எங்கெங்கே போக வேண்டும் என்று விதிப்படி கீழே எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு வாலாஜாபாத் வழியாகப் போகிற பஸ் ஏறினால், இறங்கியதும் முதலில் காமாட்சியம்மன். அங்கே அர்ச்சகர்கள் என்னை நன்றாக அறிவார்கள், வடக்குப்பட்டு இசக்கிதுரை என்றால் போதும். அடுத்து ஏகாம்பரநாதர். உள்ளே ஒரு மாமரம் நிற்கிறது, ஏழாயிரம் வருஷத்து மரம், நாலு கிளையில் நாலு ருசி. நான் நாலையும் தின்று பார்த்தவன். மூன்றாவது கிளை கொஞ்சம் புளிப்பு. அப்புறம் கைலாசநாதர். அங்கே சாமியைச் சுற்றி ஒரு சந்து, தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும், தவழ்ந்துதான் வெளியே வர வேண்டும். வந்தால் மறுபிறவி கிடையாது. என் உடம்புக்கு நான் இரண்டு தடவை வந்தேன், அதனால் எனக்கு அடுத்த இரண்டு பிறவியும் கழிந்தது.

சின்னக் காஞ்சியில் வரதராஜப் பெருமாள். நூற்றுக்கால் மண்டபத்துத் தூணை எண்ணினேன், நூற்றிரண்டு வந்தது. அங்கேயே கல்லில் செதுக்கின சங்கிலி தொங்கும். தங்கப் பல்லியைத் தொட மறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக அத்திவரதரைத் தரிசிக்க வேண்டும். நான் போன மாசம்தான் போய்க் கும்பிட்டேன், கூட்டமே இல்லை. பிறகு மிளகும் சுக்கும் போட்ட காஞ்சிபுரம் இட்லி. கடைசியாகப் பட்டுக்கடை, வாங்காவிட்டாலும் பார்க்கலாம். மாலை ஐந்துக்குள் ஹாஸ்டல் திரும்பிவிடுவாள் என்று உறுதி கூறுகிறேன்.

இப்படிக்கு கார்டியன்,
இசக்கிதுரை

(உள் தாள். உனக்கு மட்டும்)

மருமகளே,

மேலே எழுதினதை நம்பி வார்டன் விட்டுவிடுவார். என் எழுத்துக்கு அப்படி ஒரு சக்தி உண்டு, ஏழாம் வகுப்பில் கட்டுரைக்கு முதல் பரிசு வாங்கினவன்.

விஷயம் இது. ரஞ்சனியின் அப்பா முனிரத்தினம் என்னைத் தேடி வந்தார். அவர் பாட்டுக்கு நிலத்தில் நெல் போட்டுக்கொண்டிருந்த மனுஷன், இப்போது கம்பெனித் தோட்டத்தில் புல் வெட்டுகிறார். வியாழக்கிழமை பதினோரு மணியிலிருந்து ஒரு மணிவரை காஞ்சிபுரத்தில் தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆபீசில் விசாரணை. விபத்தைப் பார்த்தவர்கள் யார் வேண்டுமானாலும் போய்ச் சொல்லிக் கையெழுத்துப் போடலாமாம். யாரும் சொல்லாவிட்டால், அந்தப் பிள்ளையே டேப் ஒட்டிக்கொண்டது என்று எழுதி முடித்துவிடுவார்கள். அப்புறம் அவளுக்கு ஒன்றும் கிடையாது. தன் கையைத் தானே நறுக்கிக்கொண்டவள் என்று பேரும் நிற்கும்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ரஞ்சனி இடது கையால் எனக்குக் காபி கொண்டுவந்தாள். டம்ளர் ஆடிக்கொண்டே வந்தது. "முத்துச்செல்வி எப்படி கீறா மாமா" என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நீ பயப்படுவாய் என்று எனக்குத் தெரியும். பயப்பட ஒன்றும் இல்லை. உன் லைன் பிள்ளைகள் நாலு பேர் அந்த ஆபீசுக்கு முன்கூட்டியே தனித்தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பேர் எழுத மாட்டேன், சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். நீ ஐந்தாவது ஆள். முதல் ஆளைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், ஐந்தாவது ஆளை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். விசாரிக்கிற அதிகாரியும் எனக்கு வேண்டியவர்தான்.

நான் கூட வரலாம். ஆனால் எண்ணூறு காரை யாரிடம் விட்டு வர?

இசக்கிதுரை


ஒரகடம்,
17-2-2025

மாமாவுக்கு,

உங்கள் மேல் தாளைப் பாப்பம்மாள் அக்காவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். மாமரம் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் விரலை ஒரு இடத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அத்திவரதரா?"

"ஆமா அக்கா."

"போன மாசம் கும்பிட்டாரா?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"தோ பாரு பொண்ணு, நான் பொறந்ததே காஞ்சிபுரம். அவரு கொளத்துக்குள்ள போயி அஞ்சு வருசம் தாண்டிப் போச்சு. நாப்பது வருசத்துக்கு ஒருவாட்டிதான் வெளிய வருவாரு. அன்னிக்கி வெயில்ல ஒன்பது மணி நேரம் நின்னு பாத்தவ நான். இன்னும் முப்பத்திநாலு வருசம் கீது. உங்க மாமா மட்டும் கொளத்துல குதிச்சிப் பாத்துட்டு வந்தாரா?"

உள் தாள் என் சுடிதாருக்குள் இருந்தது, அது சரசரவென்று சத்தம் போடுகிற மாதிரியே இருந்தது. "எங்க மாமா பேசுறதுல பாதியத் தள்ளிரணும் அக்கா, அவங்க அளக்குற ஆளு" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இன்னா பீலா உடுறாரு மனுசன்" என்று தாளை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"சரி, நானும் வரேன். காமாட்சியப் பாத்து ரொம்ப நாளாவுது" என்றார்.

இப்போது என்ன செய்வது? அவர் கூடவே இருந்தால் நான் எப்படிப் போவது? போக வேண்டாம் என்றுதான் நேற்றுவரை நினைத்தேன். ஆனால் நாலு பேர் போய் வந்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தனியாள் என்றால் நான் சத்தியமாகப் போகமாட்டேன் மாமா, எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. ஐந்தாவது ஆள் என்றால் முடியும் என்று தோன்றுகிறது.

உடனே பதில் போடுங்கள்.

முத்துச்செல்வி


வடக்குப்பட்டு,
18-2-2025

மருமகளுக்கு,

அத்திவரதர் விஷயத்தில் அந்த அம்மாவோடு வாதாட வேண்டாம். பெண்பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுப்பது என் பழக்கம்.

நேற்று மத்தியானம் யார்டு கேட்டில் ஒரு கார் வந்து நின்றது. இரண்டு பேர். ஒருவன் இறங்கவில்லை. இன்னொருவன் சிரித்துக்கொண்டே வந்து, "நீங்கதானே முத்துச்செல்வி மாமா? மருமக நல்லா வேலை பாக்குறா. வேலை நிலைக்கணும் இல்ல? உங்க வேலையும் நம்ம கான்ட்ராக்டர் குடுத்ததுதான். பாத்துச் சொல்லுங்க" என்றான். நான் விட்டேனா? லட்டியைத் தரையில் ஒரு தட்டு தட்டி, "வேய், இசக்கிதுரை யாரென்று வள்ளியூரில் போய்க் கேட்டுவிட்டு வா" என்றேன். அவன் நடுங்கிப்போய்க் காரில் ஏறினான். கார் போகிற வரைக்கும் நான் அசையவில்லை. போன பிறகும் கொஞ்ச நேரம் அசையவில்லை. சாயங்காலம் ஷிப்டு மாற்ற வந்தவன்தான் என் கையிலிருந்து லட்டியை வாங்கி வைத்தான். விரலைப் பிரிக்க அவனுக்குக் கஷ்டமாக இருந்ததாம்.

பாப்பம்மாள் வரட்டும், நல்லதுதான். கோவிலை முடித்துக்கொண்டு பத்தரைக்குப் பட்டுக்கடையில் கொண்டுபோய் உட்காரவை. விரித்துப் போடச் சொல். உன் அம்மாவும் சித்தியும் கல்யாணப் புடவை எடுத்த அன்றைக்கு நான் கடை வாசலில் நின்று தாடி வளர்த்தேன். அந்த நேரம் போதும். பாத்ரூம் என்று சொல்லிவிட்டு இறங்கி ஆட்டோ பிடி. அட்ரஸ் இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறது. முனிரத்தினம் சொல்லச் சொல்ல எழுதினது, சரியாக இருக்கும்.

பார்த்ததை மட்டும் சொல். என்னைப் போல ஒன்றும் சேர்த்துவிடாதே.

சாப்பிட்டுவிட்டுப் போ. பயத்தோடு வெறும் வயிறு ஆகாது.

மாமா


ஒரகடம்,
22-2-2025, சனி

அன்புள்ள மாமாவுக்கு,

போய்விட்டு வந்தேன்.

பஸ்ஸில் பாப்பம்மாள் அக்கா ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். பின்னால் வருகிற ஒவ்வொரு பைக்கும் வசந்தகுமார் பைக் மாதிரியே இருந்தது. வாலாஜாபாத்தில் ஒருவர் ஏறி எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார், காஞ்சிபுரம் வரைக்கும் அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் இறங்கிப் பூ வாங்கிக்கொண்டு போய்விட்டார். காமாட்சியம்மன் முன்னால் நின்றேன், ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் சொன்ன அர்ச்சகரிடம் உங்கள் பேரைச் சொன்னேன். "எந்த இசக்கிதுரை?" என்றார். மாமரத்தில் ஒரு காயும் இல்லை, இது பூக்கிற மாசமாம்.

பட்டுக்கடையில் அக்கா உட்கார்ந்தார். ஒரு இருபது புடவை விரித்திருப்பார்கள். நான் எழுந்து "பாத்ரூம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா புடவையிலிருந்து தலையை எடுக்காமலே பேசினார்.

"ஒரு மணிக்குள்ள வந்துரு. நான் புடவ பாத்துகினு இருக்கேன்."

"எங்க அக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிய வேணாம். அத்திவரதரைப் போன மாசம் பாத்தேன்னு எழுதற மனுசன் எதையோ மறைக்கத்தான் இவ்ளோ எழுதுறான். கேளு பொண்ணு. கம்பெனில என்னைக் கேக்கலன்னா நான் சொல்ல மாட்டேன். கேட்டா சொல்லிருவேன். எனக்கும் வூட்டுல மூணு பேரு சாப்புடணும்."

நான் படியிறங்கி, உங்கள் தாளின் பின்பக்கத்தைக் காட்டி ஆட்டோ ஏறினேன்.

அதிகாரி ஒரு அம்மா. உங்களுக்கு வேண்டியவரா என்று கேட்கவில்லை, அர்ச்சகரிடம் பட்டது போதும். ரஞ்சனி அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அதிகாரி, "நீ மட்டும்தானாம்மா வந்தே?" என்று கேட்டார். இன்றைக்கு நான் மட்டும்தான் என்று சொன்னேன். டேப், பச்சை பெயிண்ட், நாங்கள் தலையாட்டியது எல்லாம் சொன்னேன். என் மெஷினிலும் டேப் இருந்தது, நானும் ஒரு கையால் அடித்தேன் என்றும் சொன்னேன். எழுதிப் படித்துக் காட்டினார்கள். கீழே கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வந்தபோது அக்கா ஒரு புடவையும் வாங்கியிருக்கவில்லை, கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு பேரும் நின்றுகொண்டே இட்லி சாப்பிட்டோம். திரும்பி வருகிற வரைக்கும் அக்கா ஒன்றும் கேட்கவில்லை.

நேற்றுக் காலை அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து என் அறை வாசலில் நின்று, "கேட்டாங்க. சொல்லிட்டேன்" என்றார். போய்விட்டார். சாயங்காலம் எனக்குத் தாள் வந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்கு எச்.ஆர். ரூமுக்கு வரவேண்டும். வசந்தகுமாரும் அங்கே இருப்பார். கார்டியன் வரலாம் என்று போட்டிருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது மாமா. ஆனால் முன்பு மாதிரி இல்லை. கேன்டீனில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன், யார் அந்த நாலு பேர் என்று. கனிஷ்கா ஒருத்தி, எனக்கு நன்றாகத் தெரியும். அவள் மெஷினிலும்தானே டேப் ஒட்டினார்கள். நேற்று நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று நடிக்கிறாள். எவ்வளவு நன்றாக நடிக்கிறாள் என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது.

திங்கட்கிழமை நான் தனியாள் இல்லை, எங்கள் லைனில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்று சொல்லப் போகிறேன். ஐந்து பேரையும் ஒரே நேரத்தில் வெளியே அனுப்ப முடியாது, லைன் நின்றுவிடும். அதற்கு முன்னால் அந்த நாலு பேரிடமும் நான் பேச வேண்டும். சத்தியம் செய்திருந்தாலும் பரவாயில்லை. பேரை எழுதி அனுப்புங்கள்.

முத்துச்செல்வி


வடக்குப்பட்டு,
23-2-2025, ஞாயிறு

என் அன்பு முத்துச்செல்விக்கு,

உன் கடிதத்தைக் கன்னியப்பன் காலை எட்டு மணிக்குக் கொடுத்தான். இப்போது மணி நாலு. இது ஆறாவது தாள், ஐந்தைக் கிழித்துவிட்டேன். கன்னியப்பன் பஸ்ஸை நிறுத்திவிட்டு, "இன்னா பெருசு, கலெக்டருக்கு மனுவா எழுதுற? சீக்கிரம் முடி" என்று வாசலில் நின்றுகொண்டு சத்தம் போடுகிறான்.

நீ ஆபீசுக்குள் போகிறதைப் பார்த்தபோது தன் மகளே எழுந்து நடந்து வருகிற மாதிரி இருந்தது என்று முனிரத்தினம் சொன்னார். இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை, அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு காரியம். எச்.ஆர். ரூமில் வேறு யார் பேரையும் எடுக்காதே. ஐந்து பேர் என்ற வார்த்தை உன் வாயில் வரவே கூடாது. நீ ஐந்து என்று சொன்னால் அவர்கள் மிச்சம் நாலு பேரைத் தேடுவார்கள். கனிஷ்காவைத்தான் முதலில் பிடிப்பார்கள். அந்தப் பிள்ளையிடம் இன்றைக்கே போய்ப் பேசுகிறேன் என்று கிளம்பியிருந்தால், போகாதே. அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனது நடிப்பு இல்லை.

நாளைக் காலை ஒன்பதரைக்கு நானும் முனிரத்தினமும் உங்கள் கம்பெனி கேட்டில் நிற்போம். கார்டியன் வரலாம் என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், உள்ளே வருவேன். யார்டு வேலையை இன்று காலையில் விட்டுவிட்டேன். விட்டேன் என்று எழுதுகிறேன், அவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள். சட்டை இஸ்திரி போடக் கொடுத்திருக்கிறேன். உள்ளே வந்தால் எனக்குப் பேச்சு வருமா என்று தெரியவில்லை. வராவிட்டாலும் பக்கத்து நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும்.

உனக்கு என் மேல் கோபம் வரப்போகிறது. அதற்கு முன்னால் சிலதைச் சொல்லிவிடுகிறேன். நான் காஞ்சிபுரம் போனதே இல்லை. மாமரத்தைப் பார்த்ததில்லை, தூணை எண்ணினதில்லை. வடக்குப்பட்டுக்கு வந்து நாலு வருஷத்தில் யார்டு, டீக்கடை, என் அறை, இதைத் தாண்டி நான் போன இடம் நீ இருக்கிற ஹாஸ்டல் வாசலும் உன்னை ரயிலேற்றின ஸ்டேஷனும்தான். எல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டது. அதிகாரியை எனக்குத் தெரியாது. அம்மா என்று நீ எழுதித்தான் தெரிந்தது. அந்த இரண்டு பேர் கேட்டில் வந்தபோது நான் லட்டியைத் தட்டவில்லை, "சரிங்க சார்" என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், பாதியைத் தள்ளிவிடுகிறவள் நீ. ஆனால் ஒன்றை நீ தள்ளவில்லை. அதை நம்பி பஸ் ஏறினாய்.

ரஞ்சனி அந்தக் காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுப் போன பிறகு முனிரத்தினம் சொன்னார், ஹாஸ்டலுக்கு வெளியே தங்கியிருக்கிற உங்கள் லைன் பிள்ளைகளின் ஒவ்வொரு அறை வாசலிலும் போய் நின்றதாக. எல்லோரும் கும்பிட்டு அனுப்பிவிட்டார்களாம். என் மருமகள் போவாள் என்று நான் சொல்லிவிட்டேன். எப்போதும் போல வாய் முந்திவிட்டது. அறைக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்தால், தனியாகப் போ என்று எழுதக் கை வரவில்லை. அக்காவின் ஒற்றைப் பிள்ளையை அப்படி எப்படி எழுதி அனுப்ப? உனக்குத் துணைக்கு ஆள் வேண்டியிருந்தது. நான் வரப் பயந்தேன். அதனால் ஆட்களை நானே எழுதினேன்.

அந்த நாலு பேர் கிடையாது, முத்துச்செல்வி. அந்தத் தாளில் உன் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது.

இசக்கிதுரை